வேதாளர் மறுபடி திரைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த வேதாளர்? நான் காமிக்ஸ் படித்ததே இல்லை.

உடம்போடு ஒட்டிய ஊதா உடை, கண்ணை மறைக்கும் கறுப்பு முகமூடி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, விரலில் மண்டையோட்டு மோதிரம், ஒரு வெள்ளைக் குதிரை, கூடவே ஒரு ஓநாய். அமெரிக்கரான லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று செய்தித்தாளில் தொடங்கிய ‘தி ஃபேன்டம்’ சித்திரத் தொடரின் நாயகன் இவர். முதலில் வரைந்தவர் ரே மூர். சூப்பர்மேன் வந்ததே இதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். தமிழில் முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு வேதாளர். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி. இரும்புக்கை மாயாவி வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் முழுக்க வேதாளர் என்றே சொல்கிறேன்.

கதை இதுதான். 1536இல் பங்கல்லா என்ற கற்பனை நாட்டின் கடலோரத்தில் கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். கரையொதுங்கிப் பிழைத்த ஒரே இளைஞனைப் பந்தார் என்னும் காட்டு மக்கள் காப்பாற்றுகிறார்கள். தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் அவன் சத்தியம் செய்கிறான்: கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிப்பேன், எனக்குப் பின் என் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒழிப்பார்கள் என்று. அவனுக்குப் பிறகு மகன், பேரன், கொள்ளுப்பேரன். எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே முகமூடி. வெளியே இருப்பவர்கள் 400 ஆண்டுகளாக இது ஒரே ஆள்தான், இவருக்குச் சாவே கிடையாது என்று நம்புகிறார்கள். நாம் படித்தது 21ஆவது வேதாளரின் கதை.

ஏற்கெனவே படம் வந்துவிட்டதே?

வந்தது. 1943இல் டாம் டைலர் நடித்து 15 பாகமாக ஒரு தொடர்படம். 1996இல் சைமன் வின்சர் இயக்க, பில்லி ஸேன் நடித்த பெரிய படம். 2009இல் கதையை இன்றைய நியூயார்க்குக்கு இழுத்துவந்த ஒரு தொலைக்காட்சிக் குறுந்தொடர். அதில் அந்த உடையையே தூக்கிவிட்டார்கள், அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

1996 படம் தோற்றதற்குப் பில்லி ஸேன் காரணமல்ல. மனுஷன் அந்த ஊதா உடையைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியான வேதாளர் சிரிப்பு. சுமார் 4.5 கோடி டாலர் செலவழித்து அமெரிக்காவில் 1.7 கோடி சொச்சம்தான் வசூல். அதில் மந்திர மண்டையோடுகள் மூன்றைத் தேடும் கதையை வைத்தார்கள். அந்த மாதிரிப் புதையல் வேட்டைக்கு எந்த நாயகனையும் போடலாம், வேதாளர் எதற்கு? இன்னொன்று, செத்துப்போன அப்பா ஆவியாக அடிக்கடி வந்து மகனோடு பேசிக்கொண்டிருப்பார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. காரணம் அடுத்த பதிலில்.

சரி, புதுப் படம் எதைப் பற்றி இருக்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1536இலிருந்து 1936 வரை 400 ஆண்டு. அதற்குள் 20 வேதாளர்கள் வந்து போய்விட்டார்கள். ஆளுக்குச் சராசரி 20 ஆண்டு. மகன் தோளுக்கு மேல் வளர்கிற வயதில் அப்பன் செத்துவிடுகிறான், தலைமுறை தவறாமல். இந்த வீட்டில் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலேயே இதுவும் தெரியும்.

அப்பா கத்திக்குத்து பட்டோ குண்டடி பட்டோ தங்கள் வசிப்பிடமான குகைக்குத் திரும்புகிறார். விடிவதற்குள் அவரை மண்டையோட்டுக் குகையின் உள்ளறையில், முன்னோர் வரிசையில் வைத்து மூடியாக வேண்டும். அதே இரவில் மகன் அந்த உடையை மாட்டிக்கொண்டு குதிரை ஏறிக் காட்டோரக் கிராமங்கள் பார்க்கும்படி போய்வர வேண்டும். அவனால் ஒப்பாரி வைக்க முடியாது, காரியம் செய்ய முடியாது, நான்கு பேரிடம் சொல்லி அழ முடியாது. ஊரைப் பொறுத்தவரை யாரும் சாகவில்லையே. இதைவிட ஒரு நல்ல தொடக்கக் காட்சி எந்த அதிமனிதக் கதைக்கும் வாய்க்கவில்லை என்பது என் கட்சி. இந்தத் துக்கத்தின் மேல்தான் படம் நிற்க வேண்டும். அப்பா ஆவியாக வந்து ஆறுதல் சொல்லிவிட்டால் அதில் என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கக் காட்டுக்குக் காவல் தெய்வம். இதை இந்தக் காலத்தில் எடுக்கத்தான் வேண்டுமா?

அதிகம் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பழைய தொடரைத் திறந்து பார்த்தால் சில பக்கங்களில் கண்ணை வைக்க முடியாது. காட்டு மக்கள் எதையும் நம்புகிற அப்பாவிகள், வேதாளர் முரசைக் கேட்டதும் மண்டியிடுகிறவர்கள். இரண்டு வசனத்தை வெட்டிவிட்டு, நல்ல மனம் கொண்ட ஒரு கறுப்பு நண்பரைச் சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடாது.

ஆனால் வழி கதைக்குள்ளேயே இருக்கிறது. வேதாளர் சாகிறவர்தான் என்ற ரகசியம் யாருக்குத் தெரியும்? லீ ஃபாக் எழுதியபடி, பந்தார் மக்களுக்கு மட்டும். அப்படியானால் யோசியுங்கள். இருபது பேரை அடக்கம் செய்ய உடனிருந்தது யார்? தாயோ தகப்பனோ இல்லாத நாள்களில் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது யார்? ‘நேற்று ராத்திரி அவரை ஆற்றங்கரையில் பார்த்தேன்’ என்று அடுத்த கிராமத்தில் பேச்சைக் கிளப்பிவிட்டது யார்? 400 ஆண்டு, ஓர் இனம் முழுவதும், ஒருவர்கூட வாய் தவறாமல் ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தொடரில் நடந்த ஆகப்பெரிய வீரச்செயல் இதுதான். அதைத் தொடர் கண்டுகொள்ளவே இல்லை.

ஆகவே புதுப் படத்தில் வேதாளர் பந்தார் மக்களின் தெய்வமாக இருக்கக் கூடாது. அவர்கள் செய்து வெளியே அனுப்புகிற வேடமாக இருக்க வேண்டும். தெருக்கூத்தில் ராஜா வருகிறார் என்று கட்டியக்காரன் சொன்னால்தானே அவர் ராஜா. இங்கே கட்டியம் சொல்வது பந்தார். இதற்கும் தொடரிலேயே ஆதாரம் உண்டு. முதல் வேதாளரின் காலத்தில் பந்தார் வேறொரு கூட்டத்துக்கு அடிமையாக இருந்தார்கள். அந்த எசமானர்கள் அஞ்சிய ஒரு சிலையின் தோற்றத்தில்தான் முதல் உடையே தைக்கப்பட்டது. தொடர் இதை வெள்ளை இளைஞனின் மூளையில் உதித்ததாகச் சொல்கிறது. படத்தில் இது ஒரு பந்தார் கிழவியின் யோசனையாக இருக்கட்டும்: ‘அவர்கள் இந்தச் சாமிக்குப் பயப்படுகிறார்கள். எங்களில் யாருக்கும் அந்த உயரம் இல்லை. உனக்கு இருக்கிறது. போட்டுக்கொள்.’ இந்த ஒரு திருப்பத்தில் கதை முழுவதும் வேறாகிவிடும். அவன் அவர்களைக் காப்பாற்ற வந்தவன் என்பது போய், அவர்கள் பிழைக்கக் கண்டுபிடித்த ஆயுதம் என்றாகிவிடும்.

பாப்புவா நியூ கினியாவில் வாகி பள்ளத்தாக்கு வீரர்கள் தங்கள் போர்க்கேடயங்களில் வேதாளரை வரைந்தார்கள். அந்தக் கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சாவில்லாதவன் என்ற ஒரு விஷயம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். வேதாளரை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஹாலிவுட்டுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் நடிகர் வெள்ளையராக இருக்க வேண்டுமா, கூடாதா?

ஆப்பிரிக்காவில் 400 ஆண்டு, இருபது தலைமுறை. அத்தனை பேரும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்ப் பெண் எடுத்து வந்தார்கள் என்றால்தான் அதிசயம். கலப்பு நிறமுள்ள நடிகர் நடித்தால் அதுதான் இயல்பு. இதை மாற்றம் என்று சொல்வதற்கே இடமில்லை. மேலும் முகமூடியைக் கழற்றிய வேதாளரின் முகத்தைப் பார்த்தவன் கோரமாகச் சாவான் என்பது அந்தக் காட்டின் பழைய பேச்சு. வெளியே தெரிவது தாடை மட்டும்.

எந்தக் காலத்தில் நடக்க வேண்டும்?

1960, 61.

இன்றைய காலத்தில் வைத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கதை செத்துவிடும். கையில் கேமரா இல்லாத ஆள் கிடையாது, மேலே செயற்கைக்கோள். சாகாத மனிதன் என்ற வதந்தி வதந்தியாக வாழ, பார்த்தேன் என்று சொல்கிறவனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத உலகம் வேண்டும். 1930களில் வைத்தால் அழகாக இருக்கும், 1996 படம் 1938இல்தான் நடந்தது. ஆனால் அங்கே ஐரோப்பிய ஆட்சி கேள்விக்கு ஆளாகாமல் பின்னணியில் நின்றுகொண்டிருக்கும்.

1960இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. காங்கோ ஜூன் 30 அன்று விடுதலை அடைந்தது. பதினோராம் நாள் கனிமவளம் மிக்க கடாங்கா மாகாணம், பெல்ஜியச் சுரங்க நலன்களின் ஆதரவோடு, பிரிந்துபோனதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியில் காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார். பங்கல்லாவைப் பக்கத்து நாடாக வைத்துக்கொள்ளுங்கள். கொடியேற்றம் முடிந்து சில வாரம்தான் ஆகிறது. லீ ஃபாக்கே பின்னாளில் பங்கல்லாவுக்கு லமாண்டா லுவாகா என்ற ஒரு மருத்துவரைக் குடியரசுத் தலைவராக்கினார், அவரைக் கவிழ்க்கப் பார்க்கும் ஜெனரல் பபாபு என்ற தளபதியையும் படைத்தார். எல்லாம் தயாராக இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் காட்டு ரோந்துப் படை. பங்கல்லாவின் எல்லைக் காடுகளில் காவல் புரிகிற படை அது. அதன் தளபதி யாரென்று படையின் கர்னலுக்கே தெரியாது. தலைமையகத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் கட்டளைச் சீட்டு தானாக வந்திருக்கும். தளபதி வேதாளர்தான் என்பதும் பெட்டிக்கு அடியில் சுரங்கவழி இருப்பதும் வாசகனுக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் படிக்கும்போது இது வெறும் சாகசம். தேர்தலில் வென்று வந்த ஒரு தலைவர் முன்னால் இதை வைத்துப் பாருங்கள். ‘என் நாட்டுக்குள் துப்பாக்கி ஏந்திய ஒரு படை. அதற்குக் கட்டளை இடுவது யார்?’ என்று லுவாகா கேட்கிறார். கர்னல் வொருபுவுக்குப் பதில் தெரியாது. லுவாகா கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். அவர் நல்லவர், வேதாளரும் நல்லவர், இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். எனக்குப் படத்தின் நடுக்காட்சி இதுதான், எந்தச் சண்டைக்காட்சியும் பிறகுதான்.

வில்லன்?

சுரங்கக் கம்பெனி, அதன் கூலிப்படை, அதன் பணத்தில் நடக்கும் ஜெனரல் பபாபு. உலகத்தை அழிக்கும் இயந்திரம் எதுவும் வேண்டாம்.

பழைய சிங் கொள்ளையர் கூட்டம்?

வேண்டாம். மூலத்தில் முதல் கப்பலைத் தாக்கிய அந்தக் கூட்டத்தின் பெயர் சிங் சகோதரர்கள். கோடிக்கணக்கானவர்கள் பெயரோடு வைத்துக்கொண்டிருக்கும் சொல் அது. இந்திரஜால் காமிக்ஸ் 1964இலிருந்து வேதாளரை இந்தியாவில் வெளியிட்டபோதே அதைக் கொஞ்சம் மாற்றித்தான் போட்டது. பங்கல்லாவையும் டென்காலி ஆக்கியது. நாட்டுக்கு முதலில் லீ ஃபாக் வைத்திருந்த பெயர் வங்காளத்தை அப்படியே நினைவூட்டுவதாக இருந்ததும் காரணம். 1996 படமும் செங் என்று எழுத்தை மாற்றித் தப்பித்துக்கொண்டது. முதல் கப்பலைத் தாக்கியவர்கள் கொள்ளையர் என்றால் போதும். 1961இல் அவர்களுக்கு வேலை இல்லை.

ஆப்பிரிக்கக் காட்டில் புலி எப்படி வந்தது?

வரவில்லை. ‘வேதாளருக்குப் பத்துப் புலிகளின் பலம்’ என்ற காட்டுப் பழமொழி தொடரில் உண்டு, ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது. ஆரம்ப காலத்தில் கதை நடந்தது ஆசியப் பக்கம். பிறகு லீ ஃபாக் சத்தமில்லாமல் நாட்டையே தூக்கி ஆப்பிரிக்காவில் வைத்துவிட்டார், புலிகள் பழமொழியில் மாட்டிக்கொண்டன. இதைத் திருத்த வேண்டாம் என்பேன். லுவாகாவின் உதவியாளர் ஒருவர் இந்தப் பழமொழியைக் கேட்டுவிட்டு, ‘இங்கே ஏது புலி?’ என்று கேட்க, குரான் பதில் சொல்லாமல் சிரித்தால் போதும். கதை கட்டியவர்கள் யாரென்று பார்வையாளருக்குப் புரிந்துவிடும்.

குரான் யார்? பந்தார் மக்களை எப்படிக் காட்டுவது?

குரான் பந்தார் தலைவர், வேதாளரின் பால்ய நண்பர். தொடரில் புல்தொப்பி போட்டுக்கொண்டு செய்தி சொல்லிவிட்டுப் போகும் ஆள். படத்தில் இவர்தான் இரண்டாம் நாயகன், சில இடங்களில் முதல் நாயகன். இருபதாவது வேதாளரைத் தன் தகப்பனார் அடக்கம் செய்ததைப் பார்த்தவர், ஒருநாள் தன் நண்பனையும் அப்படியே அடக்கம் செய்ய வேண்டியவர்.

இங்கே கவனம் வேண்டும். தொடர் பந்தாரைப் பிக்மிகள் என்கிறது. அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட மக்கள் மத்திய ஆப்பிரிக்காவில் உண்மையிலேயே வாழ்கிறார்கள்: ம்பூட்டி, பாகா, ட்வா என்று பல இனங்கள். பலருக்கு அந்தப் பொதுப்பெயர் வசையாகப் படுகிறது. 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில், குரங்குக் கூண்டில் வைத்துக் காட்டினார்கள். வேதாளர் தொடர் தொடங்க அப்போது 30 ஆண்டுதான் இருந்தது. உகாண்டாவில் 1991இல் பிவிண்டி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது ட்வா மக்கள் தங்கள் காட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். ஆகவே சாதாரண உயர நடிகர்களைக் கணினியில் குட்டையாக்குவது, கேமராவை மேலிருந்து வைப்பது, ஆளுக்கொரு உளறல் மொழி கொடுப்பது எதுவும் கூடாது. அந்தச் சமூகங்களிலிருந்தே நடிகர்களும் ஆலோசகர்களும் வரட்டும். பந்தார் தங்களுக்குள் நீளமாக, நகைச்சுவையாக, தங்கள் மொழியில் பேசட்டும். வசன எழுத்து கீழே ஓடட்டும். வெளியாள் வந்ததும் அவர்கள் வேண்டுமென்றே அப்பாவியாக நடிப்பதை நாம் பார்க்க வேண்டும். பழைய தொடரில் நாம் பார்த்த ‘அப்பாவித்தனம்’ என்னவென்று அப்போது விளங்கும்.

விஷ அம்பு கண்டிப்பாக உண்டு. அந்த விஷத்தின் செய்முறை பந்தாருக்கு மட்டுமே தெரியும்; காட்டின் உள்பகுதிக்குள் யாரும் வராததற்கு நிஜக் காரணம் அதுதான், முகமூடி அல்ல.

ஊதா உடை இருக்குமா?

இருந்தே ஆக வேண்டும். காட்டில் ஊதா உடை போட்டால் தூரத்திலிருந்தே தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியட்டும். மறைந்து போக வேண்டுமென்றால் அவர் உடையைக் கழற்றிவிட்டுப் போவார். உடை என்பது பார்க்கப்படுவதற்காக. லீ ஃபாக் முதலில் சாம்பல் நிறத்தைத்தான் மனதில் வைத்திருந்தாராம். 1939இல் வண்ணப்பக்கம் வந்தபோது ஊதா ஆகிவிட்டது. சுவீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு என்று நாட்டுக்கொரு நிறம். செடிச்சாயம் போட்ட, பல இடத்தில் தைத்து ஒட்டுப்போட்ட துணியாக இருந்தால் எனக்குப் போதும். ரப்பர் தசைகள் வேண்டாம். முகமூடியில் கருவிழி தெரியக் கூடாது. வெறும் வெள்ளைக் கண்கள்தான் வேதாளர்.

மண்டையோட்டு மோதிரத்தால் குத்துவது?

குத்துப்பட்டவன் தாடையில் மண்டையோட்டுத் தழும்பு ஆயுளுக்கும் அழியாது. சிறுவயதில் கைதட்டினோம். ஆப்பிரிக்கர் உடம்பில் காலனியக் கம்பெனிகள் என்னென்ன செய்தன என்று தெரிந்தபிறகு கைதட்ட வராது. படத்தில் இந்தக் குத்து ஒரே ஒரு முறை விழட்டும், கம்பெனி ஆளின் மேல். பழைய தழும்போடு ஒரு கிழவரும் வரட்டும்: இருபதாவது வேதாளரிடம் தவறுதலாக, ஆள் மாறிக் குத்து வாங்கியவர். அந்தத் தழும்பால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை, பெண் கிடைக்கவில்லை. அவரோடு மகன் வேதாளர் பேசும் ஒரு காட்சியை நான் எழுதித் தரத் தயார்.

டயானா?

தொடரில் வேதாளரின் காதலி டயானா பாமர் ஐ.நா. சபையில் வேலை செய்கிறவர். 1960 ஜூலையில் ஐ.நா. அமைதிப்படை காங்கோவுக்கு வந்தது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? அவர் கடத்தப்படுவதற்காக அல்லாமல் தன் வேலைக்காகவே பங்கல்லா வருகிறார். திருமணம் பற்றிப் பேச்சு வரும்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நமக்குப் பிறக்கும் பிள்ளையும் இதைத்தான் செய்ய வேண்டுமா?

பெண் வேதாளர் வரலாமா?

தொடரிலேயே வந்தாயிற்று. 17ஆவது வேதாளரின் இரட்டைச் சகோதரி ஜூலி, அண்ணனால் முடியாதபோது உடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்தக் கேள்விக்குச் சண்டை போடுகிறவர்கள் பழைய இதழ்களைப் புரட்டலாம். 21ஆவது வேதாளருக்கு கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைக் குழந்தைகள். இரண்டாம் படம் எடுத்தால் மகளிடம் கொடுத்துவிடலாம்.

அதிசய சக்தி ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது.

நாமே தமிழில் எடுத்துவிட்டால் என்ன? நம்மிடமும் காடு இருக்கிறதே.

முதுமலையில் ஊதா உடை போட்டவர் குதிரையில் வந்தால் முதலில் வனத்துறை பிடிக்கும். விளையாட்டு இருக்கட்டும், பங்கல்லா இல்லாமல், பந்தார் இல்லாமல், விடுதலை பெற்ற அந்த முதல் ஆண்டு இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

உரிமை விஷயம் தனி. தொடர் அமெரிக்காவின் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் சொத்து. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலப் படைப்புகளுக்கு 95 ஆண்டு பதிப்புரிமை. 1936 ஆம் ஆண்டுச் சித்திரப் பட்டைகள் 2032 ஜனவரி 1 அன்று அங்கே பொதுவுடைமை ஆகும். அந்த ஆண்டுப் பட்டைகள் மட்டும்தான், பின்னால் வந்த லுவாகாவும் வொருபுவும் அதில் சேர மாட்டார்கள். வணிக முத்திரை உரிமையும் தொடரும். 1961 கதையை எடுக்க நினைப்பவர் 2032க்குக் காத்திருந்து பயனில்லை, கிங் ஃபீச்சர்ஸிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.